கறுப்பு நாடா கட்டிய படம்

நான் ஒரு நாள்கூட மேடையில் நடித்ததில்லை. ஆனால் எங்கள் மன்றத்தில் இத்தனை வருடங்களாக என் வாயைத் தாண்டாமல் ஒரு வசனமும் வெளியே போனதில்லை. மேடையின் முன்விளிம்பில் ஒரு குழி இருக்கிறது. அதன்மேல் மரத்தாலான ஒரு மூடாக்கு. சனங்களுக்கு மூடாக்கின் முதுகுதான் தெரியும். உள்ளே நான் முட்டியை மடக்கி உட்கார்ந்து, சின்ன விளக்கடியில் நோட்டை விரித்துக்கொண்டு, எவன் திருதிருவென்று விழிக்கிறானோ அவனுக்கு அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பேன். காதில் பென்சில், ஏப்ரன் பையில் அழிரப்பர். மேடைச் சாமான்களுக்கும் நானே பொறுப்பு. என் பெயர் கபிதோலினா, கூப்பிடுவது காபா. கபிதோலினா இல்லாமல் நாடகமே இல்லை என்று வாய் நிறையச் சொல்வார்கள். மாலையும் கைதட்டலும் மட்டும் மற்றவர்களுக்கு. போகட்டும்.

1988 ஜூலை. ருஷ்ய நாடு ஞானஸ்நானம் பெற்று ஆயிரம் வருடம் ஆனதென்று சிட்னியில் இருந்த எங்கள் சனம் முழுக்க விழா எடுத்தது. காலையில் கோயிலில் பூசை, மதியம் மன்றத்தில் சாப்பாடு, பாட்டு, ஆட்டம், மூன்று மணிக்கு நாடகம். நாங்கள் சீனாவின் ஹார்பின் பக்கத்து ருஷ்யர்கள், அங்கே ரயில் பாதை போடப் போனவர்களின் வாரிசுகள். ருஷ்யாவை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்தவர்கள் எங்களில் பத்துப் பேர் தேறமாட்டார்கள். "பார்க்காததுனாலதான் இவ்வளவு ஆர்ப்பாட்டம்" என்று என் மருமகன் கிண்டல் செய்வான். அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதனால்தான் எனக்கு எரிச்சல்.

நாடகத்தின் பெயர் 'பனிக்காலத்து விருந்தாளி'. ஹார்பினில் ரயில்வே குமாஸ்தா ஒருவர் எழுதியது. ஒரு கேப்டனின் விதவை. சுவரில் கணவனின் படம், படத்தின் மூலையில் கறுப்பு நாடா. முதல் காட்சியில் அவள் படத்துக்கு முன் மெழுகுவத்தி ஏற்றி, எங்கள் சனம் செத்தவர்களை வழியனுப்புகிற வார்த்தையில், "மண் உனக்குப் பஞ்சாக இருக்கட்டும், ஸ்தெபான். இனி உனக்காக நான் கதவைத் திறந்து வைத்திருக்க மாட்டேன்" என்பாள். அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்படும். பூங்கொத்தோடு ஒருவர் பெண் கேட்டு வருவார். மூன்றாம் காட்சியில் கல்யாணம்.

பெண் கேட்டு வருகிறவர் இன்னகேந்தி. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், எங்கள் இயக்குநரும் அவர்தான். விதவை, என் சிநேகிதி தைசியா.

தைசியாவுக்கு அப்போது அறுபத்தோரு வயது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பது வருடம் உழைத்து, கையெல்லாம் வெந்து வெளுத்தவள். மேடையில் ஏறி நிமிர்ந்து நின்றால் ராஜகுமாரிதான், அதில் பொய் இல்லை. அவளுக்கு அர்சேனி என்று ஒரு தம்பி, வீட்டில் சேன்யா. அப்பா அம்மா சீக்கிரமே போய்ச் சேர, இவள்தான் அவனைச் சோறூட்டி வளர்த்தாள். 1954-இல் தரிசு நிலம் உழ வாருங்கள் என்று சோவியத்திலிருந்து அழைப்பு வந்தபோது, இருபத்திரண்டு வயது அர்சேனி போயே தீருவேன் என்றான். இவள் கெஞ்சினாள், திட்டினாள், கடைசியில் ஒரு வார்த்தை சொன்னாள். அந்த வார்த்தையை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறாள். "போறதுன்னா போ. இன்னிலேர்ந்து நீ எனக்குச் செத்தவன்." ரயிலடிக்கும் போகவில்லை. அங்கிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. பிறகு ஒன்றுமில்லை.

பூசைக்கு முன்னால் நாங்கள் இரண்டு சீட்டு எழுதிக் கொடுப்போம். ஒன்றில் உயிரோடு இருப்பவர்களின் பெயர்கள், மற்றதில் இறந்தவர்களின் பெயர்கள். பீடத்தில் அவற்றைப் படித்து மன்றாடுவார்கள். காணாமல் போனவனை எதில் எழுதுவது? "மனசு என்ன சொல்லுதோ அதுல எழுதும்மா" என்று சாமியார் சொல்லிவிட்டார். தைசியா முப்பது வருடமாக உயிருள்ளவர் சீட்டில் முதல் பெயராக அர்சேனியை எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு காலத்தில் தன் வாயால் செத்தவன் என்று சொன்னவள், செத்தான் என்று யார் ஜாடையாகச் சொன்னாலும் கடித்துக் குதறிவிடுவாள். இறந்தவர் பட்டியலிலும் ஓர் அர்சேனி வரும். அது எங்கள் பாடகர் குழுத் தலைவர் வெனியமின் எழுதுவது. அவருடைய சித்தப்பாவோ யாரோ என்றுதான் நினைத்திருந்தோம். அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் தைசியா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அது வேற அர்சேனி" என்று முணுமுணுப்பாள்.

வெனியமின் அதற்கு முந்தின வருடம் காலமானார். கல்யாணம் காட்சி இல்லாத மனிதர். அவருடைய பெட்டி ஒன்று மன்றத்துக்கு வந்து, சாமான் அறையில் கிடந்தது.

படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் நாடகக்காரர்களிடம் ஒரு வழக்கம். உயிரோடு இருக்கிறவன் முகத்துக்கு மேடையில் கறுப்பு நாடா கட்டக் கூடாது, கட்டினால் அவன் வருடம் தாண்டமாட்டான். நம்புகிறோமோ இல்லையோ, மீறுகிற தைரியம் யாருக்கும் கிடையாது. அதனால் ஒத்திகை முழுக்க வெறும் சட்டம்தான் தொங்கும். நாடகத்தன்று மாட்டுவதற்கு, உலகத்தில் இல்லாத ஒரு கேப்டனை இன்னகேந்தி தன் கையால் வரைந்து வைத்திருந்தார். உருளைக்கிழங்குக்கு மீசை வைத்த மாதிரி இருந்தது.

இரண்டரை மணிக்கு இன்னகேந்தி ஒப்பனை பாதியில் ஓடி வந்தார்.

"காபா! கேப்டனைக் கொன்னுட்டாளுங்க!"

"அவர்தான் ஏற்கெனவே செத்தவராச்சே."

"விளையாடாத! சமையக்கட்டுல சூடா பொரிச்ச பிரோஷ்கித் தட்டைத் தூக்கி அவர் மேல வச்சிருக்காளுங்க. மூஞ்சி பூரா எண்ணெய். மீசை எங்க இருக்குன்னே தெரியல!"

"வெறும் சட்டத்தையே மாட்டிடலாமே."

"முந்நூறு பேர் உக்காந்திருக்கான். வெறும் சட்டத்தைப் பார்த்து இவ அழுதா, கேப்டன் எந்திரிச்சுப் போயிட்டாரான்னு கேட்டுச் சிரிப்பான். ஏதாவது செய் தாயே!"

கை ஓடவில்லை, கால் ஓடவில்லை எனக்கு. சாமான் அறையில் வெனியமினின் பெட்டியைத் திறந்தேன். இசைத்தாள்கள், ஒரு சிலுவை, ஓர் உறையில் பழைய படங்கள். அவற்றில் ஒன்று கையகலத்துக்குப் பெரியது. ரயில்வே பள்ளித் தொப்பி வைத்த இளைஞன், உதட்டோரம் சிரிப்பு. தூரத்திலிருந்து பார்த்தால் அதிகாரி மாதிரியே இருப்பான். யாரோ என்னவோ, உயிரோடு இருந்து தொலைத்தால்? பின்பக்கம் திருப்பினேன். பென்சிலால் சின்னதாக ஒரு சிலுவை, பக்கத்தில் '1957 பிப்ரவரி'. பெயர் இல்லை. எங்கள் சனம் சிலுவை போட்டு வருடம் எழுதினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"அப்பாடா, செத்தவன்தான்" என்று சத்தமாகவே சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்த 'அப்பாடா' என்னைச் சுடுகிறது.

நானோ ஹார்பின்காரியே இல்லை, அதே ரயில் பாதையில் வேறொரு ஊர். தைசியாவிடம் தம்பியின் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஆறு வயதில், மாலுமிச் சட்டை போட்டு, மர நாற்காலியில் நிற்பது. அந்தக் குழந்தையையும் இந்த இளைஞனையும் நான் எப்படி முடிச்சுப் போடுவேன்? படத்தைச் சட்டத்தில் செருகினேன், நாடாவை இறுக்கிக் கட்டினேன், சுவரில் மாட்டினேன். குழிக்குள் இறங்கினேன். மணி அடித்தது. திரை விலகியது.

தைசியா சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்தாள். மேசையில் சூப் கிண்ணத்தை வைத்தாள். மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டு படத்தருகே போனாள். பற்ற வைக்க நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள்.

ஒரு விநாடி. இரண்டு. தீக்குச்சி அவள் விரல்வரை எரிந்து வந்து அணைந்தது.

"மண் உனக்குப் பஞ்சாக இருக்கட்டும், ஸ்தெபான்" என்று மெல்ல எடுத்துக் கொடுத்தேன்.

அசைவில்லை.

"மண் உனக்குப் பஞ்சாக இருக்கட்டும்!" கொஞ்சம் உரக்க. முதல் வரிசைக்கே கேட்டிருக்கும்.

அவள் திரும்பி என் குழியைப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை. ஐயோ, வசனம் மறந்துவிட்டது, நாற்பது நாள் ஒத்திகையும் தண்ணீரில் போச்சு என்று எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. மூன்றாம் தடவை, பல்லைக் கடித்துக்கொண்டு, "மண் உனக்கு…" என்று ஆரம்பித்தேன்.

"வாய மூடு, காபா" என்றாள், மேடையிலிருந்து, முந்நூறு பேருக்கும் கேட்கும்படி.

எங்கோ ஒருவர் சிரித்தார். அவள் மெழுகுவத்தியைக் கீழே வைத்தாள். கையை உயர்த்தி, படத்தின் மூலையிலிருந்த கறுப்பு நாடாவைப் பிய்த்து எடுத்தாள். கன்னத்தைத் தடவுவது போலக் கண்ணாடியைத் தடவினாள்.

"இத்தனை நாளா எங்கடா போயிருந்த?" என்றாள். "சூப் ஆறிப்போச்சு. வா, சூடு பண்ணித் தரேன்."

அது அர்சேனி என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் குரலை அவள் நாடகத்துக்கு வைத்திருக்கவில்லை. அரங்கத்தில் ஒரு இருமல்கூட இல்லை. அந்தக் கூட்டத்தில் யார் வீட்டில்தான் இப்படி ஒருத்தன் இல்லை?

கதவு தட்டப்பட்டது. இன்னகேந்தி பூங்கொத்தோடு உள்ளே வந்தார். அவருடைய முதல் வசனம், "தனிமையில் வாடும் விதவைக்கு என் வணக்கம்." வாயைத் திறந்தவர், தரையில் கிடந்த நாடாவைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர், திருப்பம் எங்கே என்று தெரிந்துவிட்டது அவருக்கு.

"கேப்டன் வீட்டில் இருக்கிறாரா, அம்மணி?" என்றார்.

"வெளியூர் போயிருக்கிறார்."

"எப்போது வருவார்?"

"வருவார்."

"அப்படியானால் இந்தப் பூ அவருக்கு" என்று பூங்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு, தொப்பியைத் தூக்கிக் கும்பிட்டு, வந்த வழியே போய்விட்டார். திரை விழுந்தது. ஒன்றரை மணி நேர நாடகம் பதினோரு நிமிடத்தில் முடிந்தது. கல்யாணமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆனால் அப்படி ஒரு கைதட்டலை நான் அந்தக் குழிக்குள்ளிருந்து கேட்டதே இல்லை. கிழடுகள் எழுந்து நின்று அழுதன.

தைசியாவைத் திரைக்கு முன்னால் இழுத்துக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவள் அங்கே மாட்டிக்கொண்ட நேரத்தில் நான் குழியிலிருந்து ஏறி, சட்டத்தைக் கழற்றிக்கொண்டு சாமான் அறைக்கு ஓடினேன். கதவைச் சாத்தினேன். படத்தை உருவித் திருப்பினேன்.

சிலுவை அங்கேயே இருந்தது. இப்போது அந்தக் கையெழுத்தும் தெரிந்தது. வெனியமினுடையது. ஏழாம் எண்ணுக்குக் குறுக்கே கோடு போட்டுத்தான் எழுதுவார், இசைத்தாளில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்.

அவளிடம் என்ன சொல்வேன்? இப்போதுதான் தம்பியை வீட்டுக்குள் கூப்பிட்டுச் சூப் தருகிறேன் என்றாள். பையிலிருந்து அழிரப்பரை எடுத்தேன். பென்சில்தானே. இருபத்திரண்டு வருடமாக வேண்டாத வரிகளை அழிப்பதுதானே என் வேலை. சிலுவையின் குறுக்குக் கோட்டைத் தேய்த்தேன். போய்விட்டது. நெடுக்குக் கோட்டில் அழிரப்பரை வைத்தேன், எடுத்துவிட்டேன். அவன் போனதற்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே எழுத்து இதுதான். அதை அழிக்க நான் யார்?

அதற்குள் கதவு திறந்தது. ஒப்பனையோடு தைசியா நின்றாள்.

"அது எங்க கிடைச்சுது உனக்கு?"

"வெனியமின் பெட்டியில."

"அவனும் சேன்யாவும் ஒரே வகுப்பு. அவன்கிட்ட இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல பாரு." கையை நீட்டினாள். "குடு."

"தைசியா…"

"பின்னாடி ஏதாவது எழுதியிருக்கா?"

அவளே வாங்கித் திருப்பினாள். நெடுநேரம் பார்த்தாள். பழுப்புத் தாளில் தேய்த்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. என் விரலிடுக்கில் அழிரப்பர்.

"நீ அழிச்சியா?"

"பாதி."

"உன் வாழ்க்கையில இன்னிக்குத்தான் ஒரு வேலைய பாதில விட்டிருக்க." என்று சொல்லிவிட்டுப் பெட்டிமேல் உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

வெளியே கூடத்தில் பாட்டு ஆரம்பித்துவிட்டார்கள். சன்னலில் குளிர்கால வெயில்.

"அம்பத்தேழு பிப்ரவரி. நான் கப்பலேறினது ஆகஸ்ட்டு. அவன் வந்தா குடுங்கன்னு ஹார்பின்ல கடை கடையா என் விலாசத்தைக் குடுத்துட்டு வந்தேன் காபா. அப்பவே அவன் இல்ல."

"வெனியமினுக்கு யாரோ எழுதியிருக்கணும்."

"அம்பத்தொம்பதுல இங்க வந்து இறங்கினவன், மூட்டையக்கூட அவிழ்க்காம நேரா என் வீட்டுக்குத்தான் வந்தான். தொப்பிய கையில வச்சு உருட்டிட்டே இருந்தான். நான் முந்திரிக்கொட்டை, அவன் வாயத் தொறக்கறதுக்குள்ள, சேன்யா லெட்டர் போடுவான் பாருன்னு ஆரம்பிச்சுட்டேன். ரெண்டு கிளாஸ் டீ குடிச்சான். போயிட்டான்." அவள் குரல் உடைந்தது. "பாவி. முப்பது வருஷம் பக்கத்துல நின்னு பாடினான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? உடம்பு நல்லா இருக்கணும்னு, செத்தவனுக்காக வேண்டிக்கிட்டு நின்னிருக்கேனே! செத்தவங்க சீட்டுல சேன்யா பேரை யாரும் மேல அனுப்பவே இல்லையே! நான்தான் அன்னிக்குச் செத்தவன்னு சொன்னேன். செத்தப்ப ஒருத்தரும் சொல்லல."

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

"அனுப்பினாங்கடி" என்றேன். "வாரா வாரம் இறந்தவங்க சீட்டுல ஓர் அர்சேனி வரும்ல? நீ மூஞ்சியத் திருப்பிப்பியே? வெனியமின் எழுதினது. அது அவர் சித்தப்பா இல்ல."

அவள் என்னையே பார்த்தாள். அர்த்தம் உள்ளே இறங்குவதைக் கண்ணால் கண்டேன்.

"ஒவ்வொரு வாரமுமா?"

"ஒரு வாரம் விட்டதில்ல. காய்ச்சலா இருந்தாகூட ஆள்கிட்ட குடுத்து அனுப்புவார்."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. விரல்விட்டு எதையோ எண்ணினாள்.

"வெனியமின் போனது போன வருஷம் ஜூன்."

"ஆமா."

"அப்ப ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒருத்தரும் எழுதல."

"பென்சில் குடு" என்றாள்.

காதிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். படத்தை முட்டிமேல் கவிழ்த்து வைத்து, நான் அழித்த இடத்தில் குறுக்குக் கோட்டைப் போட்டாள். சலவைக்கூடத்துக் கை, ஆனால் கோடு கோணவில்லை. அதன்கீழ் 'அர்சேனி' என்று எழுதினாள். பிறகு படத்தைத் திருப்பிப் பெட்டிமேல் சாய்த்து வைத்து, எழுந்து அதற்கு முன்னால் நின்றாள். மேடையில் நிற்கிற அதே மாதிரி, நிமிர்ந்து.

"எடுத்துக் குடு" என்றாள்.

"எதை?"

"நான் சொல்லாம விட்டதை."

அவள் காத்திருந்தாள். நடிகர்கள் காத்திருக்கிற மாதிரி, கொஞ்சமும் அவசரப்படாமல்.

"மண் உனக்குப் பஞ்சாக இருக்கட்டும்" என்றேன்.

"மண் உனக்குப் பஞ்சா இருக்கட்டும், சேன்யா."

"இனி உனக்காக நான் கதவைத் திறந்து…"

அவள் தலையை அசைத்தாள். "அது வேண்டாம். அதை நான் சொல்லமாட்டேன்."

சரி என்றேன். பென்சிலைத் திரும்ப வாங்கி, நோட்டில் அந்த வரியை அடித்தேன்.